கைய விடுங்க மாஸ்டர்

என் தங்கையின் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். கடைத்தெருவின் கோடியில், சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒற்றை நாற்காலி போட்ட சலூன் அவருடையது. தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன், அதுவும் எனக்கு மனசு சரியாக இருந்தால். அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர் வாத்தியாரோ வக்கீலோ, யாராக இருந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தலைய விடுங்க. நான் பாத்துக்கறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். அவர் தொழிலே அதில்தான் இருக்கிறது. முடி வெட்ட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலையை அவரிடம் கொடுக்க மாட்டார்கள். அவர் விரலால் தொடுவதற்குள்ளேயே தாங்களாக இந்தப் பக்கம் சாய்ப்பார்கள், அந்தப் பக்கம் திருப்புவார்கள். உதவி செய்கிறார்களாம்! மாஸ்டருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. விட்ட தலை கையில் பாரமாக உட்காரும், விடாத தலை லேசாக இருக்கும், லேசான தலையை நம்பிக் காதோரம் கத்தி வைக்க முடியாது என்பார். அது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கும் தெரியாது, அந்தத் தலைக்குச் சொந்தக்காரனுக்கும் தெரியாது.

அந்த லேசான தலைகளில் முதல் இடம் எனக்கு. நான் சரக்கு வேன் ஓட்டுகிறவன். வேறு யாராவது ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால்கூட என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். இப்படிப்பட்டவன் தலையை மட்டும் எப்படி விடுவான்? "மச்சான், உனக்கு முடி வெட்டறதும் ஒண்ணு, ஓடற பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஊசியில நூல் கோக்கறதும் ஒண்ணு" என்று அலுத்துக்கொள்வார். "நீ ஒழுங்கா வெட்டினா நான் ஏன் திரும்பறேன்?" என்பேன். இந்தச் சண்டை இல்லாமல் ஒரு தடவையும் எனக்கு முடி வெட்டி முடிந்ததில்லை.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கனத்த இரும்பு நாற்காலி. முதுகுப் பக்கம் சாயும், தலைக்கு ஒரு திண்டு உண்டு. அடியில் உள்ள கட்டையை மிதித்தால் ஏறும், அமுக்கிப் பிடித்தால் இறங்கும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தவன் செய்திருப்பான். என்றைக்கோ ஏறியது, அதோடு சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. நெட்டையான ஆள் உட்கார்ந்தால் மாஸ்டர் கையைத் தன் காதுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படியே. "அத சரி பண்ணித் தொலையேன்" என்று நானும் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஆகட்டும் மச்சான், பாக்கலாம்" என்பார். அவர் பார்க்கவில்லை.

தோள் வலி வந்தபோதும் அதே கதைதான். வாயைத் திறக்கவில்லை. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பதை ஒரு தலையணை வைத்து மறைத்தார். கத்திரி பிடித்த கை மேலே போகாதபோது உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து வெட்டினார். என் தங்கைதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு வீட்டிலேயே தையல் வேலை. ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தால்கூட அவள் கண்ணில் பட்டுவிடும். கொடியில் துண்டு போடச் சொன்னாளாம். இவர் இடது கையால் போட்டாராம். "அந்தக் கைக்கு என்ன?" என்றாளாம். "ஒண்ணுமில்ல" என்றாராம். "ஒண்ணுமில்லன்னா தூக்குங்க பாப்போம்" என்று முன்னால் நின்றுகொண்டாளாம். தூக்கிய கை நெஞ்சு மட்டத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் தானாகவே தொப்பென்று விழுந்துவிட்டது.

உடனே எனக்கு போன் வந்தது. வண்டியில் ஏற்றியிருந்த பிளாஸ்டிக் பைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு போய், மனிதரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் திட்டினேன். "கத்தியும் கத்திரியும் பிடிக்கிற கைப்பா அது! அதுல போய் விளையாடுவியா?" அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். பயந்து போயிருக்கிறார் என்று தெரிந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிற தசைநார் எலும்பை விட்டுக் கிழிந்து வந்துவிட்டது என்றார். துளை போட்டுத் தைத்துவிடலாம். தைப்பது பெரிய விஷயம் இல்லை, அதற்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது என்றும் சொன்னார். அதன் அர்த்தம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையை ஒரு தொங்கு பட்டையில் போட்டு, விலாவுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்து, இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டையும் கட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் பிசியோதெரபி பார்க்கிற அம்மா வந்தார். மெல்லிய குரல். ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் அந்தக் குரல் மெல்லியதாக இருக்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"மாஸ்டர், நூல் போட்டு இழுத்துக் கட்டியிருக்கு. ஆனா அந்தத் தசை எலும்போட ஒட்டணும். ஒட்டறதுக்கு ஆறு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்தக் கைய நீங்களா தூக்கவே கூடாது. ஒரு டீ டம்ளர் கூட எடுக்கக் கூடாது. அந்தக் கைய ஊனி எழுந்திரிக்கக் கூடாது. முதுகுப் பக்கம் கொண்டு போகக் கூடாது. படுக்கும்போது மல்லாக்க நீட்டிப் படுக்காம, சாஞ்ச மாதிரி படுங்க. விரல், மணிக்கட்டு இதையெல்லாம் நல்லா ஆட்டலாம். முழங்கை மடக்கி நீட்டறது நான் காட்டற மாதிரி."

"சரிம்மா, அசைக்காமலே வச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர், கெட்டிக்காரத்தனமாக.

"அதுவும் கூடாது. அப்படியே வச்சிருந்தா மூட்டு இறுகிடும். அப்புறம் நீங்களே நினைச்சாலும் கை மேல போகாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, தூக்கவும் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாதுன்னா மனுஷன் என்னதான் பண்ணுவான்?"

"வேற ஒருத்தர் தூக்குவாங்க. இவரு கைய அவங்ககிட்ட குடுத்துட்டுப் பேசாம இருக்கணும். இவரு உதவி பண்ணாம இருந்தா அதுவே பெரிய உதவி."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். என் தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பிசியோ அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரு தொழிலே அதாங்க. வர்றவன் தலையெல்லாம் விடச் சொல்லித் திட்டுவாரு. இப்ப மாட்டினாரு" என்றேன்.

"அப்ப ரொம்ப சுலபமாப் போச்சு" என்றார் அந்த அம்மா. எங்கே போச்சு!

வீட்டில் சாய்ந்து படுக்க ஏது வசதி? கட்டிலில் தலையணைகளை அடுக்கினால் பாதியில் சரிந்து விழுகிறார். என் தங்கைதான் யோசனை சொன்னாள். சலூன் நாற்காலியை வேனில் ஏற்றி வீட்டுக்கே கொண்டு வந்தோம். சைக்கிள் கடைக்காரரும் நானும் இடுப்பு ஒடியத் தூக்கி முன்னறையில் வைத்தோம். இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் முதல் முறையாக அதில் சாய்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. அதான் வர்றவனெல்லாம் எழுந்திரிக்க மாட்டேங்கறான்" என்றார். கடையில் முடி வெட்ட வேறொரு கட்டரை ஏற்பாடு செய்து, ஒரு மர நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம்.

தங்கை அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து வலது பக்கத்தைத் தோளிலிருந்து பிரித்து, ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்தாள். ஆபரேஷன் ஆன கை முதலில் சட்டைக்குள் போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியாக வெளியே வர வேண்டும் என்று பிசியோ அம்மா சொன்னதை மனப்பாடம் பண்ணிவிட்டாள். அவர் மறந்து இடது கையை முதலில் நுழைத்தால், "ஏங்க!" என்று ஒரு அதட்டல். தெரு நாய் கூட எழுந்து நின்றுவிடும்.

ஆனால் பிசியோ அறையில்தான் கதை கந்தலானது. அங்கே அவரைக் கொண்டு போய் விடுவது என் வேலை. ஒரு மேஜை மேல் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்ட வேண்டும். உடம்பு ஆடினால் தொங்குகிற கை தானாக ஆடும். இவ்வளவுதான். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? உடம்பு கல் மாதிரி நிற்கிறது, கை மட்டும் சீப்பு பிடித்தது போல அழகாக வட்டம் போடுகிறது.

"மாஸ்டர், நீங்க கைய ஆட்டறீங்க. கை சும்மா தொங்கணும்."

"சும்மாத்தாம்மா தொங்குது."

"இல்ல. தோள்ல தசை இழுக்குது, என் விரல்ல தெரியுது."

படுக்க வைத்து அவர் கையைத் தூக்கினாலும் அதே கூத்து. அந்த அம்மா தூக்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கை எழுந்துவிடும். "கைய விடுங்க மாஸ்டர்." "விட்டுட்டேம்மா." "விடல." "விட்டுட்டேன்னு சொல்றேன்ல!" மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மாப்ளே, என்னமோ என் தலைய சொன்னியே!" என்று ஒரு போடு போட்டேன். படுத்த வாக்கில் என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், கையில் கத்தி இருந்திருந்தால் என் காது போயிருக்கும்.

சிரித்ததெல்லாம் அன்றோடு சரி.

வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், ஒரு நாள் தங்கை துணி கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து இவர் கடைக்கு நடந்து போயிருக்கிறார். வேலை செய்ய இல்லை, சும்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க. இடுப்புப் பட்டை வியர்த்துக் கசகசக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டாராம். கட்டர் ஒரு குழந்தைக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். முடி வெட்டுகிறவர்களுக்கு உடம்பில் ஊறிப்போன ஒரு பழக்கம் உண்டு. தலை திடீரென்று திரும்பினால் கத்திரி பிடித்த கை யோசிக்காமல் மேலே பறந்துவிடும். அப்படிப் பறக்காவிட்டால் காதோ கண்ணோ போய்விடும். அந்தக் குழந்தை தெருவில் போன ஆம்புலன்ஸ் சத்தத்துக்குச் சடாரென்று திரும்பியது. கட்டரின் கை மேலே பறந்தது. பெஞ்சில், கத்திரி இல்லாமல், இடுப்புப் பட்டையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் வலது கையும் அதே நேரத்தில் மேலே பறந்தது.

"அம்மா" என்று அவர் கத்தியது மருந்துக் கடை வரை கேட்டதாம்.

நான் போனபோது பெஞ்சில் சுருண்டு, இடது கையால் வலது கையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மச்சான், உள்ள ஏதோ சொடக்குன்னு கேட்டுச்சு. போச்சு மச்சான். எல்லாம் போச்சு" என்றார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளை மெல்லத் தடவிப் பார்த்தார், அப்புறம் ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். நானும் தங்கையும் வெளியே பச்சை நிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தங்கை தன் முந்தானையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலைச் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தாள். தோளில் போட்ட தையல் விட்டிருந்தால் இன்னொரு ஆபரேஷன். அதற்குப் பிறகும் கை எழும்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கத்திரியைத் தவிர வேறு எதையும் அந்த மனிதர் தொட்டதில்லை. கை எழும்பாவிட்டால் காலையில் எழுந்து அவர் எங்கே போவார்? இதையே நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள்.

டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "தையல் விடல. பிழைச்சீங்க" என்றார். அதோடு விடவில்லை, உள்ளே கூப்பிட்டு வைத்து மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை நடத்தினார். பட்டை எதற்குக் கொடுத்தோம், அலங்காரத்துக்கா என்று கேட்டார். வாழ்க்கையில் யார் திட்டியும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து மாஸ்டர் வேறு ஆளாகிவிட்டார். முன்னால் உதவி செய்கிறேன் என்று கையைத் தூக்கியவர், இப்போது யாரையும் கையைத் தொடவே விடவில்லை. பட்டையைக் கழற்றினாலே உடம்பு விறைத்துவிடும். பிசியோ அம்மா முழங்கைக்கு அடியில் கை வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் காது வரை தூக்கிக்கொள்வார். "வலிக்குதா?" என்றால், "இல்ல, வலிச்சிடும்" என்பார். இதற்கு என்ன மருந்து?

ஒரு நாள் அந்த அம்மா என் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். "தையல் நல்லா இருக்கு. ஆனா மூட்டு இறுக ஆரம்பிக்குது. இங்க வந்தாலே பயப்படறாரு. வீட்டுல நீங்க தூக்கிப் பாருங்க, நான் கத்துத் தர்றேன். ஒரு கை முழங்கைக்கு அடியில, ஒரு கை மணிக்கட்டுல. மெதுவா. அவரு மூக்குக்கு நேரா வர்ற வரைக்கும் போதும், அதுக்கு மேல வேணாம். வலின்னு சொன்னா அங்கயே நிறுத்திடணும். கை பாரமா இருந்தா அவரு விட்டுட்டாருன்னு அர்த்தம். லேசா இருந்தா விடலன்னு அர்த்தம்." தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதே பேச்சை நாங்கள் வேறொருவர் வாயில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம்.

அந்தச் சமயத்தில் மாஸ்டரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முடி வெட்டுகிறவருக்குத் தாடி! ஆபரேஷன் ஆனதிலிருந்து யாரிடமும் சவரம் செய்துகொள்ளவில்லை. கட்டரை நம்பமாட்டார், இடது கையால் செய்துகொள்ளவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது என் தங்கை அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கிண்ணம், பிரஷ், சோப்பு, துண்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். சாதாரண ரேசர்தான், அவருடைய கத்தி இல்லை.

"என்னங்க, இன்னிக்கு நான் சவரம் பண்ணி விடறேன்."

"நீயா? வேணாம் தாயே. ஏற்கெனவே ஒரு கை போச்சு, மூஞ்சியாவது இருக்கட்டும்."

"இந்தத் தாடியோட இனிமே எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட வேணாம். அண்ணே, அந்த பிரஷ்ல நுரை எடு."

நான் நுரை எடுத்தேன். அதற்கும் படுத்தபடியே குறை சொன்னார்: தண்ணீர் அதிகம், இப்படிச் சுற்றக் கூடாது, இது என்ன மாவு பிசைகிறாயா என்றார். தங்கை கன்னத்தில் ரேசரை வைத்ததும் இவர் முகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ரேசரை எடுத்துவிட்டு நின்றாள். திரும்பவும் வைத்தாள். திரும்பவும் திருப்பினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தலைய விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் தையல் பிரிக்கிற நிதானத்தோடு கன்னம், தாடை, கழுத்து என்று வழித்துக்கொண்டே வந்தாள். ஒரு கீறல் கூட இல்லை. முடிந்ததும் வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து, அவர் வாடிக்கையாளர்களுக்குப் போடுவது போலவே மூக்கு மட்டும் தெரிய முகத்தில் மூடினாள். துண்டுக்கு அடியில் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நாற்காலியில் அவர் உடம்பு ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

தங்கை சத்தமில்லாமல் வலது பக்கம் வந்தாள். "கைய எடுக்கப் போறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டையைக் கழற்றினாள். தலையணையை என்னிடம் நீட்டினாள். முழங்கைக்கு அடியில் ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை. ஒரு விரல் அளவு தூக்கினாள். அவர் தோள் இறுகியது. அவள் தூக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே தாங்கிக்கொண்டு நின்றாள். இழுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. துண்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

திடீரென்று அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, பாரமா இருக்கு" என்றாள், உதடு மட்டும் அசைய.

அப்புறம் மெல்ல, மெல்லத் தூக்கினாள். கை வயிற்றை விட்டு எழுந்தது, நெஞ்சைத் தாண்டியது. துண்டுக்கு அடியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"எங்க இருக்கு என் கை?"

"உங்க மூக்குக்கு நேரா இருக்கு."

"பொய் சொல்லாத."

"துண்ட எடுக்கறேன், நீங்களே பாருங்க."

"வேணாம், வேணாம். எடுத்தா பயந்துடுவேன். அங்கயே கொஞ்ச நேரம் வச்சிரு."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வெந்நீர்ப் பானையைக் கழுவுகிற மாதிரி நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். வேறென்ன செய்ய, தங்கை புருஷன் முன்னால் அழ முடியுமா?

அதற்கப்புறம் தினமும் வெந்நீர்த் துண்டும் கையுமாக வீட்டில் பூஜை நடந்தது. கொஞ்ச நாளில் துண்டு இல்லாமலே கையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பிசியோ அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு மாஸ்டர் இது, உங்க கைதானா?" என்று கேட்டார். பட்டையைக் கழற்றச் சொன்ன பிறகு மாஸ்டர் நல்ல கையால் கெட்ட கையைத் தூக்கினார். அப்புறம் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினார். அப்புறம் சுவரில் விரலை வைத்து எறும்பு போல மேலே நடத்தினார். அந்தக் கை தனியாகத் தன் பாரத்தைத் தானே தூக்கியபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. சாமான் தூக்கவும் கையை மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யவும் இன்னும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த முறை அவர் ஒரு முணுமுணுப்புக் கூட இல்லாமல் காத்திருந்தார்.

பிசியோ அம்மா இன்னொன்றும் கேட்டார்: "கடையில நாற்காலி எவ்வளவு உயரம்?" மாஸ்டர் என்னைப் பார்த்து வழிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் சேர்ந்து கல்லாகிப்போன பழைய கிரீஸையும் முடியையும் சுரண்டி எடுத்து, புதுக் கிரீஸ் வைத்தேன். வளைந்திருந்த ஒரு கம்பியைத் தட்டி நிமிர்த்தினேன். மிதித்தால் ஏறியது. அமுக்கினால் புஸ் என்று இறங்கியது. "இவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர். அவரை என்ன செய்யலாம் சொல்லுங்கள்!

கடைசியில் டாக்டர் அனுமதி கொடுத்தார். முதலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தலை. முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்க வேண்டும், வெட்டி முடித்ததும் ஓய்வு எடுக்க வேண்டும். அந்த ஒரு தலை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவர் வெட்டியதுதான், அப்புறம் யாரையும் என் தலையில் கை வைக்க விடவில்லை. லோடு இறக்கப் போகிற இடத்தில் எல்லாம் என்னை அடையாளம் தெரியாமல் கேட்டில் நிறுத்தி விசாரிக்கும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

போர்வையைப் போட்டுக் கழுத்தில் கட்டினார். நாற்காலியை நன்றாக இறக்கினார். பின்னால் என் தங்கை கையைக் கட்டிக்கொண்டு காவல்காரி மாதிரி நின்றாள். கண்ணாடியில் எனக்கு என் முகம் தெரியவில்லை. அந்த வலது தோள் மட்டும்தான் தெரிந்தது. சீப்பு எழுந்தது. நானும் கூடவே தலையைத் தூக்கினேன், அவர் கை அவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று. அவர் காதுப் பக்கம் வந்தார். நான் முன்னாலேயே சாய்ந்து கொடுத்தேன். சீப்பு நின்றுவிட்டது.

"என்ன பண்ற மச்சான்?"

"ஒண்ணுமில்ல. உனக்குக் கை வலிக்குமேன்னு..."

"வலிச்சா நான் நிறுத்துவேன். அத எனக்குக் கத்துக் குடுத்துட்டாங்க. தலைய விடு."

"அதுக்கில்ல மாப்ளே..."

"தலைய விடு. நான் பாத்துக்கறேன்."

எத்தனை வருஷமாகக் கேட்ட பேச்சு! அதை இனிமேல் கேட்கவே முடியாதோ என்று பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டேன். கழுத்தை எப்படி விடுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, ஆனால் எங்கேயோ ஏதோ அவிழ்ந்தது. என் தலை சாய்ந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. அந்தக் கை தாங்கிக்கொண்டு நின்றது.

கத்திரி உடனே வேலையைத் தொடங்கவில்லை. பிறகு என் தலைக்கு மேலே மாஸ்டரின் குரல் கேட்டது, எனக்கு இல்லை, என் தங்கைக்கு.

"இந்தாம்மா, இங்க வந்து பாரு. உங்க அண்ணன் விட்டுட்டான்."